பிள்ளைப்பேற்றுப் பாடத்துக்கு முதல் வாத்தியார் மருத்துவச்சியே!



நல்ல மகப்பேறு மருத்துவரை உருவாக்குவதில் பெரும்பங்கு யாருக்கு? வகுப்பறைப் பேராசிரியருக்கா, பிரசவ அறை மருத்துவச்சிக்கா? இதுதான் இன்றைய தலைப்பு. நான் மருத்துவச்சி அணியில் பேச வந்திருக்கிறேன். என்னை அறிமுகப்படுத்தும்போது நடுவர் அய்யா 'இவர் மகப்பேறு மருத்துவர்' என்று சொன்னார். சொல்லிவிட்டு, "அம்மா, பக்கம் மாறி உட்கார்ந்துட்டீங்களோ?" என்று ஒரு கேள்வியும் கேட்டார். இல்லைங்க அய்யா, தெரிஞ்சேதான் உட்கார்ந்திருக்கேன். சமையல் எப்படி என்று சாப்பிட்டவரைக் கேட்கணும். யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கற்றுக்கொண்டவளைத்தானே கேட்கணும்? (கைதட்டல்)

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "மருத்துவச்சியா? அவங்க எல்லாம் எந்தக் காலம்? இப்போ எங்கே இருக்காங்க?" என்று கேட்டார். அய்யா, எந்த அரசு மருத்துவமனைக்கு வேண்டுமானாலும் போங்கள். பிரசவ வார்டு வாசலில் நின்று பாருங்கள். நாம் எல்லோரும் 'சிஸ்டர், சிஸ்டர்' என்று கூப்பிடுகிறோமே, அவரில் பலர் படித்த படிப்பின் முழுப்பெயர் என்ன தெரியுமா? ஜெனரல் நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி. பதிவு பண்ணும்போது நர்ஸ் என்றும் பதிகிறார்கள், மிட்வைஃப் என்றும் பதிகிறார்கள். மிட்வைஃப் என்றால் தமிழில் மருத்துவச்சிதானே? 2023-ல் நம் நாடாளுமன்றம் செவிலியர்களுக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நர்ஸிங்கும் இருக்கிறது, மிட்வைஃபரியும் இருக்கிறது. ஆக மருத்துவச்சி எங்கேயும் போகவில்லை. நாம்தான் அவர் பேரை மாற்றிக் கூப்பிட்டு, அவரை மறந்துவிட்டோம்.

சரி, அவர் என்ன பாடம் நடத்துகிறார்? அதைச் சொல்வதற்கு முன்னால் பேராசிரியர் என்ன நடத்துகிறார் என்று சொல்லிவிடுகிறேன். பழி சொல்வதற்கு நான் வரவில்லை. எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர்களை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ரத்தப்போக்கு வந்தால் என்ன செய்வது, ஜன்னி வந்தால் என்ன ஊசி, குழந்தை குறுக்கே கிடந்தால் என்ன முடிவு, எல்லாம் அவர்கள் சொன்னது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அத்தனையும் கோளாறுகள்! பிரசவத்தில் என்னென்ன கெட்டுப்போகும் என்பதை வகுப்பறையில் படித்துவிடலாம். ஒரு கோளாறும் இல்லாமல் ஒரு பிரசவம் எப்படி நடக்கும் என்பதை எங்கே படிப்பது? ரோட்டில் எந்தெந்த இடத்தில் விபத்து நடக்கும் என்று மனப்பாடம் பண்ணிவிட்டு, வண்டியை ஒருநாளும் தொட்டுப் பார்க்காதவருக்கு லைசென்ஸ் கொடுப்பீர்களா? (சிரிப்பு)

தலைப்பிரசவம் என்றால் வலி பன்னிரண்டு மணி நேரம் கூடப் போகும், அதற்கு மேலும் போகும். அந்த நேரம் முழுக்கப் பேராசிரியர் பக்கத்தில் நிற்க முடியுமா? அவருக்கு ஆபரேஷன் தியேட்டர் இருக்கிறது, புறநோயாளிகள் இருக்கிறார்கள், வகுப்பு இருக்கிறது. ரவுண்ட்ஸ் வருவார், பார்ப்பார், சொல்வார், போவார். ட்யூட்டி முழுக்க அங்கேயே இருப்பவர் யார்? சிஸ்டர். அவரோடு இருக்கும் மாணவர்தான் ஒரு பிரசவத்தை முதலிலிருந்து கடைசி வரை பார்க்கிறார்.

நம் ஊரில் ஒரு பழமொழி சொல்வார்கள். பத்துப் பிள்ளை பெத்தவளுக்குத் தலைச்சன் பிள்ளைக்காரி முக்கக் கத்துக்கொடுத்தாளாம்! ஐந்து வருடம் படித்துவிட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு, முதல்நாள் பிரசவ வார்டுக்குள் நுழைகிற ஹவுஸ் சர்ஜன் இருக்கிறாரே, அவர் அந்தத் தலைச்சன் பிள்ளைக்காரிகூட இல்லை. அவள் ஒன்றாவது பெற்றிருக்கிறாள்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தது தென் மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனை. அங்கே ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். அவர் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம் என்ன தெரியுமா? "டாக்டரம்மா, முதல்ல கைய கட்டிக்கிட்டு நின்னு பாருங்க." அவ்வளவுதான். நான்கு நாள் எங்களை ஒன்றும் செய்யவிடவில்லை. பார்க்கச் சொன்னார். கேட்கச் சொன்னார்.

கேட்கச் சொன்னார் என்றேனே, அது என்ன? வலியில் ஒரு பெண் போடுகிற சத்தம் எல்லாம் ஒரே சத்தம் இல்லை. சூட்டு வலிக்கு ஒரு சத்தம். நிஜ வலிக்கு ஒரு சத்தம். பிள்ளை இறங்கிவிட்டது, தானாக முக்குகிறாள் என்றால் அடித்தொண்டையிலிருந்து வேறொரு சத்தம். சிஸ்டர் அந்தப் பக்கம் எழுதிக்கொண்டே இருப்பார். திடீரென்று தலையைத் தூக்கி, "மூணாம் நம்பர் கட்டிலுக்குப் போங்க, தலை தெரியும்" என்பார். போய்ப் பார்த்தால் தலை தெரியும்! எந்தப் புத்தகத்தில் அய்யா அந்தச் சத்தத்தை அச்சடித்திருக்கிறார்கள்?

இரண்டாவது பாடம், கையை வயிற்றில் வைப்பது. "பத்து நிமிஷம் கைய எடுக்காதீங்க. எத்தனை தடவை இறுகுது, எவ்வளவு நேரம் இறுகுது, எண்ணுங்க." இன்றைக்கு மெஷின் இருக்கிறது, கோடு போட்டுக் காட்டுகிறது. ஆனால் கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும், கை நிற்காது. அதுமட்டுமில்லை, பத்து நிமிஷம் ஒரு கை தன் மேல் இருந்தாலே அந்தப் பெண்ணுக்குப் பாதி பயம் போய்விடுகிறது.

மூன்றாவது, நஞ்சுக்கொடி. பிள்ளை பிறந்தாச்சு, எல்லோரும் பிள்ளையைப் பார்க்கிறார்கள். தாய்க்கு ஆபத்து வரக்கூடிய நேரமே அதற்கப்புறம்தான். சிஸ்டர் சொல்வார்: "கொடி கையில இருக்குன்னு இழுத்துடாதீங்க டாக்டர். நஞ்சு பிரிஞ்சா அது நமக்குச் சொல்லும். கொடி கொஞ்சம் நீளும். ரத்தம் குபுக்குன்னு கொஞ்சம் வரும். கர்ப்பப்பை பந்து மாதிரி உருண்டு மேலே ஏறும். அதுவரைக்கும் பொறுங்க." பிரியாத நஞ்சை இழுத்தால் கர்ப்பப்பையே உள்வெளியாகத் திரும்பிவிடும் ஆபத்து உண்டு. அப்படி நேர்ந்தால் நிமிஷக் கணக்கில் உயிர் போகும். புத்தகத்திலும் இது இருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் புத்தகம் என் மணிக்கட்டைப் பிடித்து, "இப்போ இல்லை... இப்போ இல்லை... இப்போ!" என்று சொல்லுமா? சொல்லாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

இந்த மூன்று பாடத்துக்கும் அடியில் ஒரு பாடம் இருக்கிறது. காத்திருப்பது. காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று எதிரணி நண்பர் நினைத்துக்கொண்டார். "ஒன்றும் செய்யாமல் இருக்க ஒரு வாத்தியார் வேணுமா?" என்று கேலி பண்ணினார். அய்யா, வலி நன்றாகப் பிடித்த பிறகு கால் மணிக்கும் அரை மணிக்கும் ஒரு தடவை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கணும். முக்குகிற கட்டத்தில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்கணும். நாடி பார்க்கணும், தண்ணீர் கொடுக்கணும், சிறுநீர் போனாளா என்று கேட்கணும், முதுகைத் தடவணும், இடையில் பயந்துபோன மாமியாருக்கும் சமாதானம் சொல்லணும். (சிரிப்பு) இதற்குப் பேர் சும்மா இருப்பதா? பால் பொங்குகிறதா என்று அடுப்படியில் நிற்கிற அம்மாவைக் கேளுங்கள், காத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று.

இந்தக் காத்திருப்பை உலக சுகாதார நிறுவனமே 2018-ல் எழுத்தில் கொடுத்துவிட்டது. அதற்கு முன்னால் எங்களுக்கெல்லாம் ஒரு கணக்கு: கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கணும், திறக்கவில்லையா, ஏதாவது செய். 2018-ல் அவர்கள் சொன்னது, எல்லாப் பெண்ணுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது, ஐந்து சென்டிமீட்டர் வரைக்கும் மெதுவாகத்தான் போகும், தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால் கடிகாரத்தை மட்டும் பார்த்து அவசரப்படாதே என்று. எங்கள் சிஸ்டர் அதைச் சுருக்கமாகச் சொல்வார்: "கடிகாரத்தப் பாக்காதீங்க. அவளப் பாருங்க." (கைதட்டல்)

"இதெல்லாம் ஒரு சிஸ்டர் கதை, ஊர் உலகத்தில் அப்படியா?" என்று அடுத்து வருபவர் கேட்பார். ஊர் உலகத்துக்கே போவோம் வாருங்கள்.

பிரான்ஸ் தேசத்தில் 18-ஆம் நூற்றாண்டில் ஆஞ்செலிக் து குத்ரே என்று ஒரு மருத்துவச்சி. 1759-ல் பதினைந்தாம் லூயி மன்னர் அவருக்கு ஒரு உத்தரவு கொடுத்தார்: நாடு முழுக்கப் போய்ப் பிரசவம் பார்ப்பதைக் கற்றுக்கொடு. அந்த அம்மா என்ன செய்தார்? துணியாலும் தோலாலும் ஒரு தாயின் இடுப்பைப் பொம்மையாகத் தைத்தார். அதற்குள்ளே ஒரு பிள்ளைப் பொம்மை. அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பாடம் சொன்னார். பெண்களுக்கு மட்டுமில்லை, அறுவை வைத்தியர்களுக்கும் சொன்னார். தான் கிளம்பிப் போன பிறகு அந்த ஊரில் பாடம் நின்றுவிடக் கூடாது என்று, அந்தப் பொம்மையை வைத்து எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று அவர்களைப் பழக்கினார். அந்தப் பொம்மைகளில் ஒன்று பிரான்ஸில் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. இன்றைக்கு நம் மருத்துவக் கல்லூரிகளில் 'ஸ்கில் லேப்' என்று வைத்து, பொம்மையை வைத்துப் பிரசவம் சொல்லிக்கொடுக்கிறார்களே, இருநூற்று அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே அதை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய் நடத்தியவர் ஒரு மருத்துவச்சி!

அடுத்து வியன்னா. பெரிய ஆஸ்பத்திரி. அங்கே இரண்டு பிரசவ வார்டு. முதல் வார்டில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி எடுக்கிறார்கள். இரண்டாவது வார்டில் மருத்துவச்சி மாணவிகள். 1841 முதல் 1846 வரைக்குமான கணக்கு சொல்கிறேன். டாக்டர்கள் வார்டில் 20,042 பிரசவம், 1,989 தாய்மார்கள் சாவு. பத்துக்கு ஒன்று. மருத்துவச்சிகள் வார்டில் 17,791 பிரசவம், 691 சாவு. நூற்றுக்கு நான்குகூட இல்லை. அந்த ஊர்ப் பெண்களுக்கு இது தெரிந்துவிட்டது. "அய்யா, என்னை முதல் வார்டில் சேர்க்காதீங்க" என்று காலில் விழுந்து கெஞ்சியிருக்கிறார்கள். தெருவிலேயே பெற்றுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. தெரு பரவாயில்லை, டாக்டர் வேண்டாம்!

காரணத்தைக் கண்டுபிடித்தவர் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர். டாக்டர்களும் மாணவர்களும் காலையில் பிணத்தை அறுத்துப் படித்துவிட்டு, அதே கையோடு பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. 1847 மே மாதம், குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வரணும் என்று செம்மல்வைஸ் கட்டளை போட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் சுமார் 2 ஆக இறங்கியது.

எதிரணி நண்பர் உடனே எழுந்து, "பார்த்தீங்களா, கண்டுபிடித்தது டாக்டர்!" என்பார். ஆமாம், டாக்டர்தான். யாரைப் பார்த்துக் கண்டுபிடித்தார்? பக்கத்து வார்டு மருத்துவச்சியைப் பார்த்து! அந்த இரண்டாவது வார்டு இல்லையென்றால், 'பிரசவம் என்றால் பத்துக்கு ஒருத்தி சாவாள், அது விதி' என்று எழுதிவைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார்கள். ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன் என்பதுதான் நம் பழமொழி. அதை யாரோ ஆயிரம் பேரைக் கொன்றவன் என்று மாற்றிவிட்டார்கள் என்று நம் தமிழாசிரியர்கள் வருத்தப்படுவார்கள். வியன்னாவில் மாற்றாமலேயே அது சரியாக இருந்தது! (சிரிப்பு) ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பாடம் இருந்தது. எட்டிப் பார்க்க ஆறேழு வருஷம் ஆனது. அந்த ஆறேழு வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் தாயில்லாப் பிள்ளைகள் ஆயின என்று நினைத்துப் பாருங்கள்.

"அது பழைய கதை" என்பீர்கள். புதிய கதை சொல்கிறேன். தலை வெளியே வந்துவிட்டது, தோள் உள்ளே மாட்டிக்கொண்டது. பிரசவ அறையில் டாக்டருக்கே நெஞ்சு அடைக்கிற நேரம் அது. அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் ஐனா மே காஸ்கின் என்று ஒரு மருத்துவச்சி. மத்திய அமெரிக்காவில் குவாதமாலா நாட்டு மருத்துவச்சிகளின் வழியாக வந்த ஒரு முறையை 1976-ல் கற்றுக்கொண்டார். மல்லாந்து படுத்திருக்கும் தாயைத் திருப்பி, கையும் முழங்காலும் தரையில் ஊன்றி, குழந்தை தவழுகிற மாதிரி இருக்கச் சொல்வது. அவ்வளவுதான். இடுப்பு எலும்பு கொஞ்சம் இடம் கொடுக்கிறது, தோள் விடுபடுகிறது. 1998-ல் மருத்துவர்களோடு சேர்ந்து 82 பிரசவங்களின் விவரத்தை மருத்துவ இதழில் வெளியிட்டார். அதில் 68 பேருக்கு வேறு எந்த முறையும் தேவைப்படவில்லை. இன்றைக்கு அந்த முறைக்குப் பெயரே காஸ்கின் முறை. டாக்டர்கள் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து அதைப் படிக்கிறார்கள். எழுதப்படிக்கத் தெரியாத எத்தனையோ கிராமத்துக் கைகள் கடத்திவந்த பாடம் அய்யா அது!

நம் ஊரிலும் அப்படி ஒரு கை இருந்தது. முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்துப் பெண்கள்தான் ஊர்களில் பிரசவம் பார்த்தார்கள். அந்தச் சமூகத்தின் பெயரையே பாருங்கள், மருத்துவர்! பட்டம் வாங்கிய நாங்கள் எல்லாம் அந்தப் பெயரை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டோம். பதிலுக்கு அவர்களுக்கு என்ன கொடுத்தோம்? ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் முதன்முதலில் ஏந்திய கையை, ஊர்த் திண்ணையில் சமமாக உட்காரவிடவில்லை. தாழ்ந்தவள் என்று சொல்லிவிட்டால், அவளிடம் கற்க ஒன்றும் இல்லை என்று சொல்வது சுலபம். இன்றைக்கும் "நர்ஸ்கிட்ட நான் கத்துக்கணுமா?" என்று ஒரு இளம் டாக்டர் முகம் சுளிக்கிறார் என்றால், அந்தப் பழைய திண்ணைதான் இன்னும் அவர் மனசுக்குள் கிடக்கிறது. (பலத்த கைதட்டல்)

எதிரணியில் இரண்டு கேள்வி நியாயமாகக் கேட்டார்கள். பதில் சொல்லாமல் போகமாட்டேன்.

ஒன்று, "அந்தக் காலத்து மருத்துவச்சி கழுவாத அரிவாளால் கொடியை அறுத்து, பிள்ளைக்கு ஜன்னி வந்து செத்ததே!" உண்மைதான். வீட்டுப் பிரசவத்தில் எத்தனையோ தாயும் பிள்ளையும் போனார்கள். அந்தக் காலம் திரும்ப வரணும் என்று நான் கேட்கவில்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி நம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது. 2018-20 கணக்கில் இந்தியாவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 97 தாய் இறந்தபோது, தமிழ்நாட்டில் அது 54. இதில் டாக்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி இரண்டு மணிக்குச் சுகப்பிரசவம் பார்ப்பது பெரும்பாலும் யார்? முறையாகப் படித்த செவிலியர். நான் சொல்கிற மருத்துவச்சி அவர்தான். கை கழுவவும் தெரியும், எப்போது டாக்டரைக் கூப்பிடணும் என்றும் தெரியும். கூப்பிட வேண்டிய நேரம் தெரிவதுதான் அவர் படிப்பிலேயே பெரிய படிப்பு.

இரண்டாவது கேள்வி கசப்பானது. "பிரசவ வார்டில் நர்ஸிடம் திட்டு வாங்காத தாய் உண்டா?" என்று கேட்டார் எதிரணி அம்மா. அரங்கத்தில் நிறைய தாய்மார்கள் தலையை ஆட்டினீர்கள். பார்த்தேன். நான் மறுக்கமாட்டேன். வலியில் துடிக்கிறவளைக் கேட்கக்கூடாத கேள்வி எல்லாம் கேட்கிற வாய்கள் உண்டு. அடிக்கிற கைகளும் உண்டு. ஒரு சிஸ்டர், எட்டுக் கட்டில், பதினாறு வேலை என்பது காரணமாகலாம், நியாயம் ஆகாது.

ஆனால் இதில் எங்கள் கட்சிக்குத்தான் பலம் சேர்கிறது. அந்த வார்டில் நிற்கிற மாணவர் அதையும் பார்க்கிறாரே! "தாயி, இன்னும் கொஞ்ச நேரம்தான், நான் இங்கேயே இருக்கேன்" என்று சொல்கிற சிஸ்டரிடம் வளர்ந்தவர் அப்படிப் பேசுகிறார். திட்டுகிற இடத்தில் வளர்ந்தவர் எம்.டி. முடித்த பிறகும் திட்டுகிறார். ஆக, நல்லதோ கெட்டதோ, அங்கே பாடம் நடத்துவது மருத்துவச்சிதான். நடத்துகிறார் என்பதை ஒப்புக்கொள்ளாமல் விட்டுவிட்டதால்தான் அந்தப் பாடத்துக்குப் பொறுப்பு இல்லாமல் போய்விட்டது. பொறுப்பைக் கொடுங்கள், "உன்னைப் பார்த்துத்தான் நாளைய டாக்டர் வளர்கிறார்" என்று அவரிடம் சொல்லுங்கள், அப்புறம் பாருங்கள்.

அன்பாகப் பேசுவது அலங்காரம் இல்லை, அதுவும் வைத்தியம். 2017-ல் 26 ஆய்வுகளை, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். வலி நேரம் முழுக்க ஒருவர் கூடவே இருந்து தைரியம் சொன்னால் சிசேரியன் குறைகிறது, சுகப்பிரசவம் கூடுகிறது. கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்கு மருந்துக்கடையில் விலை போடவில்லை, அதனால் நாம் மதிப்பதில்லை.

இப்போது நான் ஏன் இவ்வளவு ஆதங்கத்தோடு பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். 2015-16 கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 34 பிரசவம் சிசேரியன். 2019-21-ல் அது 44.9. தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8. அரசு மருத்துவமனையில் 36. சிசேரியன் கெட்டது என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். தேவைப்பட்ட இடத்தில் அது தாய்க்கும் பிள்ளைக்கும் மறுபிறவி. ஆனால் ஒரு நாட்டில் சிசேரியன் நூற்றுக்குப் பத்தைத் தாண்டிய பிறகு, அதனால் சாவு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. நாம் பத்தில் இல்லை, நாற்பத்தைந்தில் நிற்கிறோம். இதற்குக் காரணம் பல. அவசரம் உண்டு, பயம் உண்டு, பணம் உண்டு, நாள் நட்சத்திரம் பார்த்துத் தேதி கேட்கிற குடும்பமும் உண்டு. (சிரிப்பு) சிரிக்காதீங்க, அது நீங்கதான்!

ஆனால் யாரும் பேசாத ஒரு காரணம் இருக்கிறது. இன்றைக்குப் படித்து வருகிற பிள்ளைகள் முழுசாக ஒரு சுகப்பிரசவத்தைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது குறைந்துகொண்டே வருகிறது. கத்தியை எடுக்கக் கற்றுக்கொள்கிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்க யார் கற்றுத் தருவது? தெரியாத வேலையைக் கண்டு யாருக்குமே பயம்தான். காத்திருக்கத் தெரியாத டாக்டருக்குக் காத்திருப்பது பயம். நாளைக்கு உங்கள் பேத்திக்குப் பிரசவம் பார்க்கப்போவது, இன்றைக்கு ஹவுஸ் சர்ஜனாக நிற்கிற அந்தப் பையன்தான். அவனுக்கு இந்தப் பாடம் கிடைக்கணுமா, வேண்டாமா?

அதனால் இந்த மேடையிலிருந்து சில கோரிக்கைகள் வைக்கிறேன். மத்திய அரசு 2018-ல் ஒரு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. அனுபவமுள்ள செவிலியருக்குப் பதினெட்டு மாதம் தனிப்பயிற்சி கொடுத்து, சுகப்பிரசவத்தைத் தாமே பொறுப்பேற்று நடத்தும் மருத்துவச்சியாக ஆக்குவது என்று. அப்படிப் பயிற்சி பெற்றவரை மருத்துவக் கல்லூரியின் பாட அட்டவணையிலும் சேருங்கள். பேராசிரியர் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் இருக்கட்டும். மாணவரின் லாக் புக்கில் சுகப்பிரசவத்துக்கு நேராக அவரும் கையெழுத்துப் போடட்டும். அவருக்குப் பாடம் சொல்ல நேரம் கிடைக்கிற அளவுக்கு வார்டில் ஆள் போடுங்கள். இதில் எந்தப் பேராசிரியருக்கும் ஒரு குறைவும் இல்லை. வள்ளுவரே மருத்துவத்துக்கு நான்கு பேர் வேணும் என்று பிரித்தார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். நான்கையும் ஒரே வரிசையில்தான் வைத்தார். நாம்தான் ஒன்றைக் கீழே இறக்கிவிட்டோம்.

நிறைவாக ஒன்று. திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர் கதை எல்லோருக்கும் தெரியும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி, காவிரியில் வெள்ளம், அக்கரையில் அம்மா மாட்டிக்கொண்டாள். இறைவனே அந்த அம்மா வடிவத்தில் வந்து பிரசவம் பார்த்தான் என்பது வரலாறு. அதே இறைவன்தான் வைத்தீஸ்வரன் கோவிலில் வைத்தியநாதனாக இருக்கிறான். வைத்தியர் வேஷம் அவனுக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் பிரசவத்துக்கு வந்தபோது வைத்தியராக வரவில்லை. கூடவே இருந்து, கை கொடுத்து, பொறுத்திருந்து ஏந்திக்கொள்கிற தாயாக வந்தான். மருத்துவச்சியாக வந்தான்! கடவுளே அந்தப் பாடத்தைத்தான் தேர்ந்தெடுத்தான் என்றால், எம்.பி.பி.எஸ். படிக்கிற பிள்ளை தேர்ந்தெடுத்தால் கௌரவம் குறைந்துவிடுமா? (நீண்ட கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, பேராசிரியர் எங்களுக்கு ஆபத்தைக் கற்றுத் தந்தார். மருத்துவச்சி எங்களுக்குப் பிறப்பைக் கற்றுத் தந்தார். மகப்பேறு மருத்துவரை உருவாக்குவதில் பெரும்பங்கு பிரசவ அறை மருத்துவச்சிக்கே என்று தாங்கள் தீர்ப்பு வழங்கவேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.